அழுகுணி எண்

அன்று காலை பத்து மணிக்குள் மங்களேஸ்வரி நான்கு மாமனார்களின் சாவையும், ஏழு மின்வெட்டுகளையும், பொங்கி வழிந்த பதினொரு பால் பாத்திரங்களையும் பார்த்து முடித்துவிட்டாள். அத்தனையும் பொய். நான்கு மாமனார்களில் ஒருவர் போன மாசி மாதமே செத்தவர். அப்போதும் தோற்கிற ஆட்டத்திலிருந்து எழுந்து ஓடுவதற்காக அதே மருமகன் அவரைத்தான் சாகடித்திருந்தான்.

"சீ, இதுகளெல்லாம் மனுச ஜென்மமா?" என்றாள். தினமும் இந்த நேரத்துக்கு அவள் இப்படிக் கேட்பது வழக்கம் என்பதால் எதிர்மேசையில் இருந்த ரோஸ்லின் தலையைத் தூக்கவில்லை.

மதுரை காளவாசலில், கல்யாணங்கள் நின்றுபோன ஒரு பழைய கல்யாண மண்டபத்தின் மாடியில் நடுவர் மன்றம் இயங்கியது. பந்தி பரிமாறிய கூடத்தில் மேசைகளைப் போட்டு இருபது நடுவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். ஆட்டத்தைப் பாதியில் விட்டு ஓடியவர்கள் ஏன் ஓடினார்கள் என்று படித்து, நம்புவதா வேண்டாமா என்று சொல்வதுதான் அவர்களுடைய உத்தியோகம். உலகத்தில் எத்தனையோ உத்தியோகம் இருக்கிறது. ஊரார் பொய்யை வடிகட்டிக் குடிக்கிற உத்தியோகம் இது ஒன்றுதான்.

கதை எட்டு வருடத்துக்கு முன்னால் ஆரம்பித்தது. ஆடுபுலி, தாயம், சதுரங்கம் என்று எந்தக் கட்ட ஆட்டமானாலும் ஆட்டமன்று என்கிற ஒரே வலைத்தளத்தில்தான் நாடே ஆடிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு ஆட்டப்பலகை, கையளவு, பைக்குள் போட்டுக்கொள்ளலாம். ஆனால் ஒரு நோய் இருந்தது. ஜெயிக்கும்வரை ஜம்மென்று உட்கார்ந்திருப்பான். தோற்கப்போகிறோம் என்று தெரிந்ததும் சொல்லாமல் கொள்ளாமல் எழுந்து போய்விடுவான். எதிரே இருப்பவர் அசையாத கட்டங்களைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் காத்திருப்பார். அவருக்கு எப்படி இருக்கும்? வயிறு எரியும்.

அதற்கு மருந்தாக வந்ததுதான் நிலையெண். நூறு வரை போகும். ஆட்டத்தை முடித்தால் அரைப் புள்ளி ஏறும், அதுவும் ஒரு நாளைக்கு ஓர் ஆட்டத்துக்குத்தான். பாதியில் ஓடினால் நாலு புள்ளி போச்சு. ஆடாமலே இருந்துவிடலாம் என்று பார்த்தால், வாரத்துக்கு ஒரு புள்ளி தானாகவே இறங்கும். ஆட்டமன்றுக்குள் இருந்தவரை இது ஆட்டத்தின் ஒழுங்காக இருந்தது. பிறகு எந்தப் புண்ணியவானோ ஒரு வீட்டுக்காரர், குடிவர வந்தவரிடம் "உங்க நிலையெண் என்ன?" என்று கேட்டார். அடுத்தது பெண் வீட்டார் கேட்டார்கள். அப்புறம் கம்பெனிக்காரர்கள், பள்ளிக்கூடத்தார், ஆஸ்பத்திரிக்காரர்கள். பாதி ஆட்டத்தில் ஓடுகிறவன் பாதி வேலையில் ஓடமாட்டான் என்பது என்ன நிச்சயம்? கேட்பதற்கு நியாயமாகத்தான் இருந்தது. கேட்பதற்கு நியாயமாக இருந்ததுதான் கேடு.

ஏட்டில் அதன் பெயர் நிலையெண். ஊர் வைத்த பெயர் அழுகுணி நம்பர்.

நாடு முழுவதும் ஒரு நாளைக்கு முப்பது லட்சம் பேர் ஓடினார்கள்; முப்பது லட்சம் பேரும் காரணம் சொன்னார்கள். மனிதர்கள் படித்து மாளாது. அதற்காகச் செய்த இயந்திரம்தான் சாக்கறிவான். அதன் வித்தை மிக எளிது. ஒருவர் சொல்கிற காரணத்தை, இதுவரை எல்லோரும் சொன்ன கோடிக்கணக்கான காரணங்களோடு ஒப்பிட்டுப் பார்க்கும். பலர் சொன்னதையே சொன்னால் அது கேட்டெழுதிய சாக்கு, பொய். யாருமே சொல்லாததைச் சொன்னால் அது நடந்ததாகத்தான் இருக்கவேண்டும், மெய். செய்தவர்கள் பெரிய படிப்பாளிகள். ஒப்புமை தொண்ணூறு சதவீதத்துக்கு மேல் போனால் புள்ளி கழிந்துவிடும்.

விளைவு என்ன ஆயிற்றென்றால், கற்பனை உள்ளவர்கள் பிழைத்துக்கொண்டார்கள். 'மொட்டை மாடியில் மயில் வந்து என் மூக்குக்கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு போனது' என்று எழுதியவனுக்குச் சாக்கறிவான் உடனே மன்னிப்பு வழங்கியது. குழந்தைக்குக் காய்ச்சல் என்று எழுதியவளுக்கு நாலு புள்ளி கழிந்தது. காய்ச்சல் எல்லா வீட்டுக் குழந்தைக்கும்தானே வருகிறது.

இயந்திரம் தள்ளியதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். அது நடுவரிடம் வரும். நடுவர் இயந்திரத்தோடு மாறுபடலாம். ஆனால் மாறுபடும் ஒவ்வொரு தடவையும் நடுவருடைய சொந்த நிலையெண்ணில் அரைப் புள்ளி குறையும்; அது எத்தனை ஆட்டம் ஆடினாலும் திரும்ப ஏறாது. தொண்ணூறுக்குக் கீழே போனால் நடுவர் நாற்காலி இல்லை. மங்களேஸ்வரி முதல் வருடம் இரக்கப்பட்டவள்தான். பதினெட்டுப் பேரை நம்பி மன்னித்தாள். அதில் ஒருத்தன், 'நடுவரம்மாவை அழவைத்தது எப்படி' என்று நண்பர்களுக்குச் சிரித்துச் சிரித்துச் சொன்ன காணொளி அவளுக்கே வந்து சேர்ந்தது. அன்றைக்கு விட்டாள் இரக்கத்தை. இப்போது அவளுடைய எண் தொண்ணூற்றொன்றில் நின்றது. நாற்பத்து மூன்று வயதில், ஜனங்கள் என்றாலே அவளுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க" என்றாள் ரோஸ்லின். "அவனியாபுரம் தவசிலிங்கம். மிக்சி ரிப்பேர் கடை. மூணாவது தடவையா வந்துருக்கு."

"என்னவாம்?"

"'அப்பா கதவைத் திறந்து வெளியே போய்விட்டார், அழைத்து வரப் போனேன்.' மூணு தடவையும் இதே வரிதான். ஒப்புமை தொண்ணூத்தாறு."

"கற்பனைகூட கெடையாது பாரு. மூணு தடவையும் அதையே எழுதுறதுக்கு என்ன நெஞ்சழுத்தம்!"

"அதில்லக்கா. ஆடுபுலியில இவரு ஆடு பக்கம். ரெண்டு புலிய அடைச்சுட்டாரு, மூணாவதும் மாட்டப்போகுது. ஜெயிக்கிற நேரத்துல எந்திரிச்சு ஓடிருக்காரு. தோக்குறவன்தான ஓடுவான்?"

மங்களேஸ்வரி திரையை எட்டிப் பார்த்தாள். புலி அகப்படுவதற்கு இன்னும் ஐந்து நிமிடமே இருந்தது. ஒரு கணம் அவளுக்கும் உறுத்தியது. உடனே அந்த உறுத்தலின் மேலேயே அவளுக்கு எரிச்சல் வந்தது.

"வெவரமான ஆளு. ஜெயிக்கிறப்ப ஓடுனா நம்பிருவாய்ங்கன்னு கணக்குப் போட்டு ஓடிருக்கான். தள்ளு."

அறுபத்தொன்பதில் இருந்த தவசிலிங்கம் அறுபத்தைந்துக்கு வந்தார்.

மறுநாள் காலை அவரே நேரில் வந்துவிட்டார். முப்பத்தைந்து வயதிருக்கும், சட்டையில் கிரீஸ் கறை. கூடவே ஒரு பெரியவர். இருவரின் மணிக்கட்டையும் ஒரு துண்டால் சேர்த்துக் கட்டியிருந்தது. அதைப் பார்த்ததும் மங்களேஸ்வரிக்கு முகம் சுளித்தது. போன வருடம் ஒருவன் யாரோ ஒரு பெரியவரை அப்பா என்று கூட்டிவந்து, அவர் பெயரைக் கேட்டதும் தெரியாமல் விழித்தான். இதுவும் அப்படித்தான் என்று அவள் முடிவுகட்டிவிட்டாள்.

"மேடம், நான் தவசிலிங்கம். நேத்து என் மனுவத் தள்ளிட்டீங்க. இவருதான் எங்கப்பா, வீரணன். கவர்மெண்டு பஸ்சுல முப்பத்தோரு வருசம் கண்டக்டரு."

பெரியவர் மங்களேஸ்வரியை உற்றுப் பார்த்தார். "இந்தம்மா டிக்கெட் எடுத்துருச்சா?"

"எடுத்துருச்சுப்பா" என்றார் மகன். பிறகு அவளிடம், "ஞாபகம் போயிருச்சுங்க. வண்டிய எடுத்துருவாய்ங்கன்னு கதவத் தொறந்துக்கிட்டு ஓடிருவாரு. போம்போது விசில் ஊதுவாரு. அந்தச் சத்தம் கேட்டா நான் ஓடியாகணும். ரிங் ரோடு எங்க வீட்லருந்து நானூறு அடிங்க."

"கதவப் பூட்டிவைக்கிறதுதான?"

"பூட்டிப் பாத்தேங்க. கையில ரத்தம் வர்ற வரைக்கும் கதவ இடிச்சாரு."

"அப்ப அவரு தூங்குறப்ப ஆடுங்க."

"தூங்குறாருன்னுதாங்க உக்கார்றேன். பாதியில முழிச்சுக்குறாரு."

"அவ்வளவு கஷ்டப்பட்டு எதுக்கு ஆடுறீங்க?"

தவசிலிங்கம் சட்டைப்பையிலிருந்து மடித்த ஒரு தாளை எடுத்தார். ஞாபகம் தப்பியவர்களைக் காலையிலிருந்து சாயங்காலம் வரை பார்த்துக்கொள்ளும் ஒரு பகல் இல்லத்தின் சேர்க்கை விதிகள். பெற்றவர்களைக் கொண்டுவந்து விட்டுவிட்டுக் காணாமல் போகிற பிள்ளைகள் அதிகமாகிவிட்டதால், நிலையெண் எழுபதுக்குக் குறைந்தவர்களின் பெற்றோரைச் சேர்த்துக்கொள்வதில்லை என்று அதில் இருந்தது.

"எழுவது வேணுங்க. மூணு தடவ அறுவத்தொம்போது வரைக்கும் வந்துட்டேன். அப்பாவச் சேக்குறதுக்கு ஆடணும். ஆடுனா அப்பா போயிருவாரு. அவரத் தேடிப் போனா நம்பர் போயிருது. நான் என்னதான் மேடம் பண்றது?"

ரோஸ்லின் பொறுக்கமாட்டாமல் குறுக்கே வந்தாள். "அண்ணே, விசில் ஊதிக்கிட்டுப் போனாருன்னு எழுதுனீங்களா?"

"இல்லங்க."

"அத எழுதியிருந்தா மிஷினு அப்பவே விட்டுருக்கும். விசிலடிச்சுக்கிட்டு ஓடுற அப்பான்னு நாட்டுல ஒருத்தரும் எழுதுனதில்ல."

தவசிலிங்கம் புரியாமல் பார்த்தார். "நான் போனது விசிலுக்காக இல்லீங்களே. அப்பாவுக்காகத்தான போனேன். ஏன் எந்திரிச்சேன்னு கேட்டாங்க, அதச் சொன்னேன்."

ஆட்டப்பலகைக்குக் காது உண்டே, அது விசிலைக் கேட்டிருக்குமே என்று தோன்றலாம். கேட்டது. ஆனால் ஓடியவர்களுக்கு ஆதரவாகப் பலகையின் காது சாட்சி சொல்லக்கூடாது என்று ஒரு விதி இருந்தது. குழந்தை வீறிடும் ஒலி, ஆம்புலன்ஸ் ஒலி, மாமியார் அலறும் ஒலி எல்லாம் பதிவுசெய்து கைமாற்றிக்கொண்ட ஜனங்கள் சம்பாதித்த விதி அது.

மங்களேஸ்வரி பெரியவரின் மணிக்கட்டைப் பார்த்தாள். துண்டு உராய்ந்த இடம் சிவந்திருந்தது. இது நிஜமான அப்பாதான் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் என்ன? கையெழுத்துப் போட்டால் தொண்ணூற்றரை. அடுத்து இன்னொருவன் இன்னொரு அப்பாவைக் கூட்டிவருவான், பிறகு இன்னொருவன். அத்தனை பேருக்கும் சேர்த்து இந்த ஆளிடம் அவளுக்குக் கோபம் வந்தது.

"இங்க பாருங்க, எல்லாரும் உண்மையத்தான் சொல்றேன்னு சொல்றாய்ங்க. நான் யாரன்னு பாக்குறது? ஆட்டம் முடிய எவ்வளவு நேரம் இருந்துச்சு? அஞ்சே நிமிசம். எதிர்ல ஒருத்தரு காத்துக்கிட்டு இருக்காருல்ல, அவருக்கு மரியாதை குடுத்து முடிச்சுட்டு எந்திரிக்கிறது. அஞ்சு நிமிசத்துல எங்க போயிரப் போறாரு?"

தவசிலிங்கம் அதை யோசித்துப் பார்த்தார். உண்மையிலேயே யோசித்தார் என்பது முகத்தில் தெரிந்தது.

"சரிங்க மேடம்" என்றார்.

கோபமே இல்லாத 'சரிங்க' அது. படித்த ஒரு அதிகாரி சொல்லிவிட்டார், சரியாகத்தான் இருக்கும் என்கிற பணிவு. படியிறங்கும்போது பெரியவர் சட்டைப்பையிலிருந்து விசிலை எடுத்து இரண்டு முறை ஊதினார். இரண்டு விசில் என்றால் வண்டி கிளம்பலாம். கூடத்தில் இருந்த நடுவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்துவிட்டு மறுபடி மாமனார்களின் சாவுக்குத் திரும்பினார்கள்.

அதற்குப் பிறகு தவசிலிங்கத்தின் பெயர் மேல்முறையீட்டில் வரவில்லை. மங்களேஸ்வரியும் மறந்துபோனாள். அவளுக்கு வேறு அருவருப்புகள் இருந்தன. மயிலை வைத்து ஒருவன் தப்பித்தது தெரிந்ததும் ஊரில் கதை எழுதத் தெரிந்தவர்களுக்கு மவுசு கூடியது. சாக்கு எழுதித்தரும் ஆட்கள் தெருவுக்குத் தெரு முளைத்தார்கள். நிஜமாகவே மனைவிக்கு வலிப்பு வந்து எழுந்து ஓடிய ஒருவர், 'குளியலறையில் உடும்பு புகுந்தது' என்று எழுதி மன்னிப்பு வாங்கினார். பிறகு அவர் மனைவியை ஆஸ்பத்திரியில் சேர்க்கப் போனபோது, பதிவேட்டில் உடும்பு இருக்கிறதே, வலிப்பு எங்கே என்று கேட்டார்களாம்.

பன்னிரண்டாம் நாள், புதன்கிழமை மதியம், மங்களேஸ்வரியின் திரையில் ஒரு பச்சைக் கோப்பு வந்தது.

பச்சைக் கோப்புகள் அபூர்வம். ஆட்டத்தின்போது பெரிய இடையூறு வந்தும் எழுந்து போகாமல் முடித்தவர்களுக்குப் பாராட்டுப் பத்திரம். ஓடியவனுக்குச் சாட்சி சொல்லாத பலகையின் காது, உட்கார்ந்திருந்தவனுக்கு மட்டும் சாட்சி சொல்லலாம் என்று விதி. உட்கார்ந்திருந்தவன் ஏன் பொய் சொல்லப்போகிறான்? மேல்முறையீட்டுச் சிவப்புக் கோப்புகளைப் படித்துப் படித்து நொந்தவர்கள் யாரும் பச்சையைப் படிப்பதில்லை. சந்தோஷமாகக் கையெழுத்துப் போடுவார்கள். மங்களேஸ்வரியும் போட்டாள். போட்ட மறுகணம் இரண்டு கூடுதல் புள்ளிகள் ஏறின, எண் எழுபத்திரண்டு ஆனது. அந்த எண்ணுக்காகக் காத்திருந்த ஒரு பகல் இல்லத்துக்குத் தகவல் தானாகப் போயிற்று. அங்கிருந்து சேர்க்கை ஆணையும் தானாக வந்தது.

அதன்பிறகுதான் பெயரைப் பார்த்தாள்.

"ரோஸ்லின், அந்தத் துண்டு கட்டிக்கிட்டு வந்த ஆளு ஞாபகமிருக்கா? எழுவத்திரண்டு வந்துட்டாரு! பாத்தியா, சொன்னாக் கேட்டா நல்லாருப்பாங்க."

பாராட்டு பெற்றவரை நடுவரே தொலைபேசியில் அழைத்து வாழ்த்தவேண்டும். அதற்கு அச்சடித்த வாசகம் உண்டு. மங்களேஸ்வரி பல மாதத்துக்குப் பிறகு சிரித்த முகத்தோடு எண்ணை அழுத்தினாள். எடுத்ததும், யார் என்றுகூடக் கேட்காமல் வாசிக்க ஆரம்பித்தாள்.

"வணக்கம், வாழ்த்துகள்! கடும் இடையூறு நேர்ந்தபோதும் ஆட்டத்தைக் கைவிடாமல் எதிராளிக்கு மதிப்பளித்த உங்கள் உறுதியை நடுவர் மன்றம் மனமாரப் பாராட்டுகிறது. உங்கள் குடும்பத்தார் உங்களை எண்ணிப் பெருமைப்படுவார்கள்."

மறுமுனையில் பெண்கள் அழும் சத்தம் கேட்டது.

"நான் தவசிலிங்கத்தோட தங்கச்சி வீட்டுக்காரருங்க" என்றது ஓர் ஆண் குரல். "எங்க மாமனாரு தவறிட்டாருங்க. நேத்து சாயங்காலம் ரிங் ரோட்டுல பஸ்ஸ நிப்பாட்டப் போயி அடிபட்டுட்டாரு. மூணு மணிக்கு எடுக்குறோம். நீங்க எந்த ஊர்லருந்து பேசுறீங்க?"

மங்களேஸ்வரி இணைப்பைத் துண்டித்தாள். பச்சைக் கோப்பைத் திறந்து, முதல்முறையாகப் படித்தாள். பலகையின் காதும் கண்ணும் பதிந்துவைத்திருந்த குறிப்பு ஒரு பக்கம்கூட இல்லை.

4:10. கதவு திறக்கும் ஒலி. ஆடுபவரின் நாடி 138.

4:11. விசில், இருமுறை. ஆடுபவர் பாதி எழுந்து மீண்டும் அமர்கிறார்.

4:12. விசில், இருமுறை, தொலைவில். ஆடுபவர் வாய்க்குள் சொல்வது: "அஞ்சு நிமிசம்ப்பா, அஞ்சே நிமிசம்."

4:14. விசில், இருமுறை, மிகத் தொலைவில். ஆடுபவரின் பார்வை இதுவரை முப்பத்தொரு முறை கதவுக்குச் சென்றுள்ளது.

4:15. மூன்றாவது புலி அடைபட்டது. வெற்றி. ஆடுபவர் பலகையை அணைக்காமல் ஓடுகிறார்.

கீழே சாக்கறிவானின் பரிந்துரை: இடையூறு உறுதி. இதுபோன்ற நிகழ்வு முன்பு பதிவானதில்லை. உண்மையானது.

ரோஸ்லின் பின்னால் நின்று படித்திருந்தாள். "இப்ப நம்புது பாருங்க, சனியன்" என்று சொன்னவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

மங்களேஸ்வரிக்கு அழுகை வரவில்லை. இத்தனை வருடமாக ஓடியவர்களைப் பார்த்து முகம் சுளித்த அவளுக்கு, முதல்முறையாகத் தன் கையைப் பார்க்கவே அருவருப்பாக இருந்தது. உட்கார்ந்தது அவர்தான். உட்காரச் சொன்னது யார்? அவள் பையை எடுத்தாள்.

"அக்கா, உங்க ஆட்டம்" என்றாள் ரோஸ்லின்.

அவளுடைய அன்றாட ஆட்டம் மேசையில் பாதியில் இருந்தது. புலி பக்கம் அவள். ஏழு ஆடுகளை வெட்டியாயிற்று, இன்னும் கொஞ்சம்தான். நடுவர்கள் பாதியில் எழுந்தால் ஒரு மணி நேரத்துக்குள் திரும்பி வந்து தொடரலாம் என்று அவர்களுக்கு மட்டும் சலுகை உண்டு. ஊருக்குக் கிடையாது. அந்த நேரம் ஓடுகிறது என்று நினைவூட்டப் பலகை அவ்வப்போது ஒலிக்கும், அணைத்தாலும் விடாது. அவள் அதைப் பைக்குள் தள்ளிக்கொண்டு இறங்கினாள்.

ஆட்டோ அவனியாபுரத்துக்குப் போகும் வழியில் பலகை காரணம் கேட்டது. அவள் எழுதினாள்: 'சாவு வீட்டுக்குப் போகிறேன்.'

சாக்கறிவான் ஒரு நொடியில் பதில் சொன்னது. ஒப்புமை தொண்ணூற்றொன்பது. இந்தக் காரணம் ஏற்கெனவே நாலு கோடி முறை கூறப்பட்டுள்ளது. உண்மையான காரணத்தை எழுதவும்.

அவள் மறுபடி எழுதினாள்: 'என்னால் ஒருவர் இறந்துவிட்டார்.'

ஒப்புமை தொண்ணூற்றேழு. உண்மையான காரணத்தை எழுதவும்.

"அடக் கடவுளே, இத்தனை பேரா?" என்று அவள் வாய்விட்டுக் கேட்டாள். ஆட்டோக்காரர் தன்னைத்தான் கேட்கிறாள் என்று நினைத்து, "டிராபிக்குங்க" என்றார்.

வீட்டு வாசலில் சாமியானா போட்டிருந்தது. முற்றத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளில் பதினேழு பதினெட்டு ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். பாதிப் பேர் துக்கத்தில் தலையைக் குனிந்திருப்பதாக மங்களேஸ்வரி முதலில் நினைத்தாள். அருகில் போனபோதுதான் தெரிந்தது, மடியில் துண்டுக்கு அடியில் பலகை வைத்திருந்தார்கள். துண்டின் ஓரத்திலிருந்து வெளிச்சம் கசிந்தது. ஒருவர் மட்டும் மூக்கை உறிஞ்சிக்கொண்டு கண்ணைத் துடைத்தார். துடைத்துவிட்டு ஓர் ஆட்டை நகர்த்தினார். கருமம். இவர்களையெல்லாம் நாற்காலியோடு சேர்த்துக் கட்டியது யார் என்று அவளுக்குத் தெரியும்.

வீரணன் நடுவில் கிடந்தார். காக்கிச் சட்டை போட்டிருந்தார்கள். பையில் விசில் இருந்தது.

தெருமுனையில் வண்டி நின்றது. அதுவரை தூக்கிக்கொண்டு போக நாலு பேர் வேண்டும். தவசிலிங்கம் மூங்கில் பாடையின் தலைமாட்டில் ஒரு பக்கம் பிடித்தார். தங்கை வீட்டுக்காரர் மறுபக்கம். கால்மாட்டில் ஒருவர் வந்து நின்றார். நாலாவது ஆள் வரவில்லை.

"டேய் முத்திருளா, வாடா, எடுக்கணும்" என்று யாரோ அதட்டினார்கள்.

சுவரோரத்தில் இருந்தவன் தலையைத் தூக்காமல் ஒரு கையை மட்டும் உயர்த்திக் காட்டினான். "சித்தப்பா, ரெண்டே நிமிசம். அறுவத்தொம்போதர. விட்டா வீட்டக் காலி பண்ணச் சொல்லிருவாய்ங்க."

யாரும் அவனைத் திட்டவில்லை. எல்லோருக்கும் அவன் நிலைமை புரிந்தது. பிடித்த மூன்று பேரும் பிடித்தபடி குனிந்து காத்திருந்தார்கள். இரண்டு நிமிடம் போயும் அவன் எழவில்லை; மங்களேஸ்வரி அங்கேயே நின்றாள். சாகலாம் போல இருந்தது அவளுக்கு.

பொறுக்கமுடியாமல் அவள் கால்மாட்டுக்குப் போய் நாலாவது மூங்கில் முனையைப் பிடித்தாள். பெண்கள் பக்கம் ஒரு சலசலப்பு எழுந்தது. தவசிலிங்கம் நிமிர்ந்து பார்த்தார். அடையாளம் தெரிந்துகொண்டார்.

"என்னை மன்னிச்சிருங்க" என்றாள் அவள். "நான்தான்... நான் சொல்லித்தான நீங்க..."

அப்போது அவளுடைய பைக்குள் பலகை ஒலித்தது. அந்த அமைதியில் அது தெரு முழுக்கக் கேட்டது. அவள் இரண்டு கையாலும் மூங்கிலைப் பிடித்திருந்ததால் அதை அடக்க வழியில்லை. மறுபடி ஒலித்தது.

தவசிலிங்கத்தின் கண்ணில் தண்ணீர் இல்லை, குரலில் கோபமும் இல்லை. அன்றைக்கு மன்றத்தில் 'சரிங்க' என்று சொன்ன அதே பணிவுதான் இருந்தது.

"மேடம், உங்க பலகதான் சத்தம் போடுது" என்றார். "எதிர்ல ஒருத்தரு காத்துக்கிட்டு இருப்பாருல்ல. முடிச்சுட்டு வாங்க, நாங்க நிக்கிறோம். அஞ்சு நிமிசத்துல எங்க போயிரப் போறாரு?"

பலகை மூன்றாவது முறை ஒலித்தது. முற்றத்தில் இருந்த அத்தனை பேரும் ஒருசேரத் தங்கள் மடியையும் பையையும் தடவிப் பார்த்து, தங்களுடையது இல்லை என்று தெரிந்ததும் மறுபடி குனிந்துகொண்டார்கள்.